சூடானால் எழும்பாத கிளட்ச் பெடல்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த வண்டி, பெட்ரோலில் ஓடும் ஐந்து கியர் கொண்ட முன்சக்கர இயக்கக் கார். ஓடிய தூரம் ஏறக்குறைய 92,000 கிலோமீட்டர். இதன் கிளட்ச், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையைச் சேர்ந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்கு நேர் எதிரே, எஞ்சின் அறையின் தடுப்புத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த ஆயிலைப் பெறும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் அமர்ந்து, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் குழாயும், அதன் கடைசிப் பகுதியில் ஒரு சிறு ரப்பர் ஹோஸும் உள்ளன. கிளட்சுக்கென்று தனி ஆயில் டப்பா கிடையாது. பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் பிரிந்து மாஸ்டர் சிலிண்டருக்கு வருகிறது.

உரிமையாளர் சொன்ன புகார் தெளிவானது. காலையில் வண்டி எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, கிளட்சை முழுவதும் மிதித்துக் காலை எடுத்தால் பெடல் தரையிலிருந்து சற்றே எழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. ஷூவின் நுனியை அடியில் கொடுத்துத் தூக்கினால், பாதி உயரம் வந்ததும் தானாகத் துள்ளி மேலே வந்து நிற்கிறது. ஆனால் பெடல் மேலே வந்த பின்னும் வண்டி உடனே இழுப்பதில்லை. எஞ்சின் மட்டும் வெறுமனே சீறி, சில நொடிகள் கழித்தே கிளட்ச் பிடிக்கிறது. இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கல் போல் இறுகிவிடுகிறது.

இந்தக் கடைசி இரண்டு அறிகுறிகளையும் அவர் முதலில் சென்ற பட்டறையில் கவனித்திருக்க வேண்டும். அங்கே 'கிளட்ச் ஸ்லிப் ஆகிறது', அதாவது பிடிக்காமல் நழுவுகிறது என்ற முடிவோடு கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றியிருந்தார்கள். புகார் அப்படியே இருந்தது. கழற்றிய பழைய பிளேட்டை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்ததால் அதைப் பார்க்க முடிந்தது. ரிவெட் தலைக்கு மேல் லைனிங் இன்னும் நன்றாகவே மிஞ்சியிருந்தது. மேற்பரப்பு மட்டும் சூட்டில் கண்ணாடிபோல் பளபளத்தது. தேய்ந்ததால் நழுவிய பிளேட் அன்று அது. தாமதமாகப் பிடித்ததால் சூடேறிய பிளேட்.

பெடலைத் தூக்கிவிடுவது எது

பெடல் மேலே வருவதற்குப் பெடலடியில் உள்ள ஸ்பிரிங்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பல கார்களில் அந்த ஸ்பிரிங் இரு திசையிலும் வேலை செய்யும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பெடல் மேல்பாதியில் இருக்கும்போது அது பெடலை மேலே பிடித்துக்கொள்ளும்; நடுப்புள்ளியைக் கடந்து கீழே போனதும் அதே ஸ்பிரிங் திசை மாறி, ஓட்டுநரின் காலோடு சேர்ந்து பெடலைக் கீழே அழுத்தும். கால் வலிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆகவே தரையில் கிடக்கும் பெடலை முதலில் எழுப்ப வேண்டியது ஸ்பிரிங் அல்ல. பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் விரல்கள் (அதன் தட்டு ஸ்பிரிங்கின் நுனிகள்) ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள, அந்த ஆயில் ஹோஸ் வழியாகத் திரும்பி வந்து மாஸ்டர் பிஸ்டனையும், அதைப் பெடலோடு இணைக்கும் புஷ் ராடையும் தள்ள வேண்டும். மாஸ்டருக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங்குக்குத் தனியாக அவ்வளவு பலம் கிடையாது.

இதை மனத்தில் வைத்தால், தரையில் நிற்கும் பெடல் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து திரும்பி வர வேண்டிய அழுத்தம் காலுக்கு வந்து சேரவில்லை. அழுத்தம் அங்கேயே சிக்கிக்கொண்டதா, வரும் வழியில் கசிந்து தொலைந்ததா, அல்லது வந்து சேர்ந்தும் பெடல் பக்கத்தில் ஏதோ இறுகிக்கொண்டதா என்பதே கேள்வி. இதற்கு விடை தெரியாமல் எந்த உதிரிப் பாகத்தையும் வாங்குவதில் பொருளில்லை. விடை தெரிய, பெடல் கீழே நிற்கும் அந்த நேரத்தில் ஸ்லேவின் ராடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

குளிர்ந்த நிலையில் பார்த்தவை

தரை விரிப்பை எடுத்துவிட்டுப் பெடலின் புஷ்களையும், பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின்னையும் சோதித்தோம். பின்னைக் கழற்றிவிட்டுக் கையால் அசைத்தபோது பெடல் உரசலின்றி நடுப்புள்ளி வரை சென்று, இரு பக்கமும் சுத்தமாகத் துள்ளியது. பெடல் பக்கத்தில் இறுக்கம் இல்லை என்று இதனால் உறுதியாயிற்று. மாஸ்டரின் பின்பக்க ரப்பர் உறையை மடக்கிப் பார்த்ததில் ஈரம் இல்லை. கார்ப்பெட்டுக்கு அடியிலும் இல்லை. ஸ்லேவின் தூசி உறையும் காய்ந்தே இருந்தது.

பின்னைத் திரும்பப் போடும்போதுதான் முதல் தடயம் கிடைத்தது. புஷ் ராடின் லாக் நட்டுக்கு முன்னால் உள்ள மரைகள் பழுப்பேறி, தூசி அப்பிக் கிடந்தன. நட்டுக்குப் பின்னால் ஐந்தாறு மரைகள் மட்டும் புதிதாய்த் தேய்த்தவைபோல் பளபளத்தன. யாரோ அண்மையில் ராடை நீளமாக்கியிருக்கிறார்கள். பெடலை விரலால் தொட்டுப் பார்த்தபோது ஃப்ரீ பிளே, அதாவது பிஸ்டனைத் தொடும் முன் பெடல் தளர்வாக நகரும் சிறு தூரம், சற்றும் இல்லை. தொட்ட மாத்திரத்தில் மாஸ்டர் பிஸ்டனும் நகர்ந்தது.

இது சிறு விஷயமன்று. மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரில், பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்து ஓய்ந்திருக்கும்போது மட்டும் திறந்திருக்கும்படி, ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. எஞ்சின் சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. புஷ் ராடு பிஸ்டனை எப்போதும் சற்று முன்தள்ளியே வைத்திருந்தால், ரப்பர் கப் அந்தத் துளையை மூடிவிடும். பிறகு விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அது ஸ்லேவைத் தள்ளத் தொடங்கும். ஓட்டுநர் பெடலைத் தொடாமலேயே கிளட்ச் மெல்ல மெல்ல விடுபடும். உண்மையான ஸ்லிப் அப்போது தொடங்குகிறது. கிளட்ச் மாற்றியும் குறை தீராத நிலையில், ராடை நீட்டினால் சரியாகும் என்று யாரோ எண்ணியிருக்கக் கூடும். ராடைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் குறைத்து, பெடலில் உணரும்படி ஃப்ரீ பிளே வைத்து லாக் நட்டை இறுக்கினோம்.

அடுத்தது ஆயில். டப்பாவில் தெரிந்தது தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. பிரேக் வேலையின்போது மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஸ்லேவின் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகை) திறந்து சில துளிகளை வெள்ளைக் காகிதத்தில் விட்டபோது கறுப்பு மையே வந்தது. விரலிடுக்கில் தேய்த்தால் மெல்லிய துகள் நெருடியது. கிளட்ச் குழாயில் ஆயில் சுற்றி வருவதில்லை. ஒரே சில மில்லி லிட்டர் முன்னும் பின்னும் நகர்கிறது, அவ்வளவுதான். டப்பாவில் எத்தனை முறை புது ஆயில் ஊற்றினாலும் ஸ்லேவில் இருப்பது பழையதாகவே இருக்கும்.

கறுப்பைக் கண்டதும் எழும் அச்சம், யாராவது பவர் ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றிவிட்டார்களோ என்பதாகும். கிளைக்கால் (glycol) வகைப் பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர், கனிம எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். அப்படியானால் கிளட்ச் மட்டுமல்ல, அதே டப்பாவைப் பகிரும் பிரேக்கின் ரப்பர்கள் எல்லாமே ஐயத்துக்குரியவை. இரு எளிய சோதனைகள் செய்தோம். டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் உறை சுருக்கமின்றித் தன் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது; உப்பியிருந்தால் அது திரும்ப உட்காராது. ஒரு குவளைத் தண்ணீரில் கறுப்பு ஆயிலைச் சில துளி விட்டுக் கலக்கியபோது தண்ணீரோடு கரைந்து கலங்கியது. கனிம எண்ணெயாக இருந்தால் மேலே மிதந்திருக்கும். அச்சம் நீங்கியது.

சூடேற்றிப் பார்த்தவை

குறை சூட்டில் வருவது என்றால், குளிர்ந்த வண்டியில் தேடுவது நேர விரயம். ராடைச் சரிசெய்த பின் வண்டியை நெரிசலில் ஓட்டி, பெடல் ஒட்டத் தொடங்கியதும் கொண்டுவந்து நிறுத்தினோம். நீண்ட புஷ் ராடு உண்டாக்கக்கூடிய, கிளட்ச் பிடிக்கும் இடம் சூட்டில் மேலே ஏறிக்கொண்டே போகும் குறை இப்போது இல்லை. பெடல் ஒட்டுவதும் தாமதமாகப் பிடிப்பதும் அப்படியே இருந்தன.

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பெடலில் அமர, மற்றொருவர் ஸ்லேவைப் பார்த்தார். ஃபோர்க்குக்கும் ஸ்லேவுக்கும் நடுவில் விரல் வைக்கக் கூடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே இருக்கும் விசை எலும்பை நசுக்கப் போதுமானது. பெடல் தரை வரை சுமார் 14 செ.மீ. இறங்கியபோது ஸ்லேவின் ராடு சுமார் 14 மி.மீ. வெளியே வந்தது. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் இந்த நகர்வில், குழாய்க்குள் சிறு காற்றுக் குமிழோ ஆவியோ இருந்தாலும் ராடின் பயணம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும். முழுப் பயணமும் கிடைத்ததால், பழைய ஆயில் ஈரம் உறிஞ்சிச் சூட்டில் கொதிக்கிறது என்ற விளக்கம் விழுந்தது. டாட் 4 (DOT 4) தரப் பிரேக் ஆயிலுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் 155. ஈரம் ஏறிய ஆயிலில் ஆவி உண்டாவது நடக்கக்கூடியதே என்பதால் அதையும் கணக்கில் எடுத்திருந்தோம்.

காலை எடுத்ததும் பெடல் கீழேயே நின்றது. ராடும் வெளியேயே நின்றது. இதுவே இந்த ஆய்வின் திருப்புமுனை. பெடல் கீழே நிற்க ராடு மட்டும் உள்ளே திரும்பியிருந்தால், ஆயில் மாஸ்டரின் தேய்ந்த கப்பைத் தாண்டி டப்பாவுக்குப் போய்விட்டது என்று பொருள், மாஸ்டரை மாற்றியிருப்போம். ராடு வெளியே நிற்பதால் அழுத்தம் தொலையவில்லை, சிக்கியிருக்கிறது.

எங்கே சிக்கியது என்பதற்கு இரண்டு திறப்புகள் போதுமானவை. ஸ்லேவின் நிப்பிளில் குழாய் மாட்டி அரைச் சுற்றுத் திறந்ததும் ஆயில் பீறிட்டது, ராடு 'டக்'கென்று உள்ளே போனது. ஃபோர்க்கோ, ரிலீஸ் பேரிங்கோ, ஸ்லேவ் பிஸ்டனோ இறுகியிருந்தால் அப்படிப் போயிருக்காது. நிப்பிளை மூடி, மீண்டும் மிதித்துப் பெடலை ஒட்டவைத்து, இம்முறை ஹோஸின் மேல்முனையில், இரும்புக் குழாயோடு சேரும் இணைப்பைத் தளர்த்தினோம். சில துளிகள் சொட்டின, ராடு அசையவேயில்லை. மேலே அழுத்தம் இல்லை, கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஹோஸைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஹோஸுக்குள் இருந்தது

கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. வெடிப்போ வீக்கமோ இல்லை. ஊசிக் குழலில் புது ஆயில் எடுத்து ஒரு முனையில் செலுத்தியபோது இரு திசையிலும் ஓடியது. இதே நிலையில் ஒருவர் சோதித்திருந்தால் ஹோஸ் நல்லது என்றே தீர்ப்புச் சொல்லியிருப்பார். முனைகளை அடைத்து வெந்நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்துச் செலுத்தியபோது, மாஸ்டர் பக்கத்திலிருந்து தாராளமாகவும், ஸ்லேவ் பக்கத்திலிருந்து ஊசிக் குழலின் பிஸ்டன் கட்டைவிரலை எதிர்க்கும் அளவுக்குத் தடைப்பட்டும் போனது.

நீளவாக்கில் அறுத்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்லேவ் பக்க உலோக முனை அழுத்திப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உட்புற ரப்பர் அடுக்கு துணி அடுக்கிலிருந்து பிரிந்து, உள்நாக்குப் போல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மிதிக்கும்போது வரும் ஆயில் அதைச் சுவரோடு ஒதுக்கிக்கொண்டு போகும். திரும்பும் ஆயில் அதைத் தூக்கி வழியை அடைக்கும். சூட்டில் ரப்பர் இளகுவதால் அடைப்பு இறுகும். குளிர்ந்தால் விறைத்து வழிவிடும். ஆயிலில் நெருடிய கறுப்புத் துகளின் பெரும்பகுதியும் இங்கிருந்து உதிர்ந்ததுதான். இந்த ஹோஸ் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது என்பதையும், கியர்பாக்ஸ் இறக்கும்போது ஸ்லேவைக் கம்பி கட்டித் தொங்கவிடாமல் ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கம் பரவலாக இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புகார் கிளட்ச் வேலைக்கு முன்பே இருந்ததால் தொங்கவிட்டதை முதற்காரணமாகச் சொல்ல முடியாது. அப்படி ஏதும் நடந்திருந்தால் அது பிரிந்ததை இன்னும் பிரித்திருக்கும்.

எல்லா அறிகுறிகளும் இப்போது ஒரே கோட்டில் வருகின்றன. ஆயில் திரும்பாததால் பெடல் கீழே கிடந்தது. ஷூ நுனி அதை நடுப்புள்ளிக்கு மேலே கொண்டுவந்ததும் ஸ்பிரிங் திசை மாறித் துள்ளவைத்தது. மாஸ்டர் பிஸ்டன் பின்வாங்கும்போது கப்பின் விளிம்பைத் தாண்டி டப்பாவிலிருந்து புது ஆயில் முன்னால் வந்தது. ஸ்லேவின் ஆயிலோ ஹோஸில் கசிந்து கசிந்து தாமதமாகத் திரும்பியதால் கிளட்ச் தாமதமாகப் பிடித்தது. அது திரும்புவதற்குள் மறுபடி மிதித்தால் கூடுதல் ஆயில் உள்ளே போய்ச் சேர, பெடல் இறுகியது.

செய்த வேலை

புது ஹோஸ் போட்டு, இணைப்பில் புது செப்பு வாஷர் வைத்தோம். ஸ்லேவைப் பிரித்தபோது உட்சுவர் கீறலின்றி வழவழப்பாக இருந்ததால் ரப்பர்களை மட்டும் மாற்றினோம். கீறல் இருந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வழக்கத்துக்கு இடம் கொடாமல் முழுதாக மாற்றியிருப்போம். மாஸ்டரை மாற்றவில்லை. வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு; ஆனால் பெடலை மிதித்து வெகுநேரம் பிடித்திருந்தும் ராடு சிறிதும் பின்வாங்காத மாஸ்டரைக் குறைசொல்ல ஆதாரம் வேண்டும்.

ஏர் எடுப்பதில், அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவதில், ஒரு வரிசை முக்கியம். ஸ்லேவ் தாழ்ந்தும் ஹோஸ் வளைந்தும் இருப்பதால், கீழிருந்து மேலே ஊசிக் குழலால் ஆயிலைத் தள்ளுவது காற்றை எளிதில் வெளியேற்றும். ஆனால் அழுக்கு ஆயிலை அப்படித் தள்ளினால் துகள் மாஸ்டரின் ஊசித் துளையிலும், அதைத் தாண்டிப் பிரேக் டப்பாவிலும் போய்ச் சேரும். எனவே முதலில் ஸ்லேவை மாட்டுவதற்கு முன்பே மேலிருந்து கீழாக ஓடவிட்டு, குழாயிலிருந்து தெளிந்த ஆயில் வரும்வரை கழுவினோம். அதுவரை டப்பாவின் மட்டம் குறையாமல் ஒருவர் ஊற்றிக்கொண்டேயிருந்தார், குறைந்தால் கிளட்ச் குழாய்க்குத்தான் முதலில் காற்றுப் புகும். பிறகு ஸ்லேவ் பிஸ்டனை முழுவதும் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, டப்பாவில் கொஞ்சம் ஆயிலை எடுத்து இடம் செய்துவிட்டு, புது டாட் 4 ஆயிலைக் கீழிருந்து செலுத்தினோம். சிந்திய ஆயிலைத் தண்ணீர் ஊற்றி உடனே கழுவாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

ஸ்லேவ் வெளியே இல்லாமல் கியர்பாக்ஸுக்குள் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்திருக்கும் கார்களில் ராடைப் பார்க்க வழியில்லை. முன்சக்கர இயக்க வண்டியானால், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கியரில் போட்டு, பெடலை ஒட்டவைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். சுற்றினால் கிளட்ச் இன்னும் விடுபட்டே இருக்கிறது, அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. எஞ்சின் இறுகத் தடுத்தால் அழுத்தம் போய்விட்டது, மாஸ்டரையோ கசிவையோ தேட வேண்டும். நிப்பிள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் திறந்து பார்க்கும் சோதனை இவற்றுக்கும் பொருந்தும்.

வேலை முடிந்ததும் அதே நெரிசலில், அதே வெயில் நேரத்தில் ஓட்டினோம். பெடல் காலோடு சேர்ந்து எழுந்தது. கிளட்ச் உடனே பிடித்தது. ராடின் பயணம் முன்போலவே 14 மி.மீ. சூடான பின் வண்டியை நிறுத்திப் பெடலை விரலால் தொட்டபோது ஃப்ரீ பிளே குளிர்ந்த நிலையில் வைத்த அளவிலேயே இருந்தது. அடுத்த சர்வீசுக்கு வந்தபோது நிப்பிளிலிருந்து எடுத்த ஆயில் இளம் பழுப்பாகவும் நெருடல் இல்லாமலும் இருந்தது. மாஸ்டரின் பின்பக்க உறையும் காய்ந்தே இருந்ததால் அதைத் தொடாமல் விட்டோம்.